தெருக் காவல்: பொறுப்பேற்றவருக்கு 20 குறிப்புகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பக்கத்து நகரில் பீரோவை உடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் "யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும்" என்று பேச்சு எழும். எல்லோர் பார்வையும் பணி ஓய்வு பெற்ற ஒருவர் மேல் போய் நிற்கும். அப்படி மாட்டிக்கொண்டவருக்கான குறிப்புகள் இவை. விசில் ஊதிக்கொண்டு ராத்திரி சுற்றுவதெல்லாம் இந்த வேலையில் சிறு பகுதிதான். யார் ஊரில் இல்லை, எந்த விளக்கு எரியவில்லை, எந்த கேமரா ஓடவில்லை என்பது உரியவருக்கு உரிய நேரத்தில் தெரிய வேண்டும். முக்கால்வாசி வேலை அதுதான்.

1. முதலில் தெருவை ஒரு பெரிய வெள்ளைத்தாளில் வரையுங்கள். கதவு எண், மாடி, குடியிருப்பவர் பெயர், அவர் கைப்பேசி எண், வெளியூரில் உள்ள நெருங்கிய உறவினர் ஒருவரின் எண், வண்டி எண். இவ்வளவு போதும். தனியாக இருக்கும் முதியவர், இரவுப் பணிக்குப் போகிறவர் என்று சிறு குறி போட்டுக்கொள்ளலாம். விருப்பப்பட்டுத் தருபவர்களிடம் மட்டும் வாங்குங்கள். இந்தத் தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று திருடனுக்கு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு வீடுகளில் ஒவ்வொரு பிரதி, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

2. தெரு முழுவதையும் ஒருவரே கவனிக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒருவர், அடுக்குமாடி என்றால் தளத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நன்றாகப் பேசுகிறவரைவிட, பகலில் வீட்டில் இருக்கிறவரே இதற்குத் தோது. பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாக இருப்பார். ஆனால் சங்கப் பொறுப்பாளர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. அதை முதலில் சரி செய்யுங்கள்.

3. காவல் நிலையத்துக்கு முதல் தடவை போகும்போது கையில் புகார் இருக்கக் கூடாது. பிரச்சினை ஏதுமில்லாத ஒரு நாளில் இரண்டு மூன்று பேராகப் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். சென்னை போன்ற மாநகரங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றப்பிரிவுக்கு ஓர் ஆய்வாளர் இருப்பார்கள். திருட்டு, வழிப்பறி என்றால் பேச வேண்டியவர் இரண்டாமவர். உங்கள் தெருவுக்கு ரோந்து வரும் காவலரின் பெயரையும் எண்ணையும் மறக்காமல் வாங்குங்கள். ஆய்வாளர்கள் அடிக்கடி மாறுவார்கள். புதியவர் வந்ததும் மறுபடி ஒரு நடை போய்வர வேண்டும். தெருவின் இடப்பக்கம் ஒரு நிலையம், வலப்பக்கம் வேறொரு நிலையம் என்று எல்லை பிரிந்திருப்பதும் உண்டு. அதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. ரோந்து வரும் காவலர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் வங்கிக்கும் நகைக்கடைக்கும் மட்டுமானதல்ல. தெருமுனையில் ஒரு வீட்டில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். சில இடங்களில் இப்போது புத்தகத்துக்குப் பதில் க்யூஆர் கோடு வந்துவிட்டது. எதுவானாலும் தெருவின் நுழைவிலேயே வைக்காமல், இருட்டான கடைசிப் பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்காகவாவது வண்டி உள்ளே வரை வரும்.

5. ஊருக்குப் போகிறவர் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், ரோந்து போகும்போது அந்தப் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பலருக்கு இது தெரியும், ஆனால் செய்ய மாட்டார்கள். கடிதத்தை நீங்களே தயாராக வைத்திருங்கள்: முகவரி, போகும் தேதி, திரும்பும் தேதி, தொடர்பு எண், சாவி யாரிடம் இருக்கிறது. கையெழுத்து மட்டும் அவர் போடட்டும்.

பூட்டிய வீட்டைத் திருடன் கண்டுபிடிப்பது எப்படி என்று வாசலில் நின்று பார்த்தாலே புரிந்துவிடும். கேட்டில் செருகிய செய்தித்தாள் மூன்று. தொங்கும் பையில் பால் பாக்கெட். வாசலில் கோலம் இல்லை, காய்ந்த வேப்பஞ்சருகு. பகல் பன்னிரண்டு மணிக்கும் எரியும் வெளிவிளக்கு. வெளிப்பக்கம் பளபளவென்று ஒரு புதுப் பூட்டு. ஆகவே பேப்பரையும் பாலையும் நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலைப் பெருக்கி ஒரு நாலு புள்ளிக் கோலம் போடட்டும், மாலையில் விளக்கைப் போட்டுக் காலையில் அணைக்கட்டும். கேட்டுக்கு உள்பக்கமாகப் பூட்டுவது நல்லது. விமான நிலையத்திலிருந்து செல்ஃபி போடும் ஆசையைத் திரும்பி வரும் வரை அடக்கச் சொல்லுங்கள். இதற்குத்தான் யாரும் கட்டுப்பட மாட்டார்கள்.

6. சாவியை ஒளித்து வைக்கிறோம் என்று நாம் நினைக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: பூந்தொட்டி அடி, செருப்பு ஸ்டாண்டு, மின் மீட்டர் பெட்டி, ஜன்னல் விளிம்பு. பீரோ சாவி பீரோ மேலேயே இருக்கும், இல்லாவிட்டால் மெத்தைக்கு அடியில். இதைக் கூட்டத்தில் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் இன்னமும் அங்கேதான் இருக்கும்.

7. மொட்டை மாடிக் கதவைப் பாருங்கள். வாசலுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பூட்டுப் போட்டவர், மாடிப்படிக் கதவுக்கு ஒரு கொண்டியோடு விட்டிருப்பார். தென்னை மரம் ஏறவோ வெள்ளையடிக்கவோ கொண்டுவந்த ஏணி பக்கவாட்டுச் சந்தில் சாய்ந்தபடி நிற்கும். ஏணியைப் படுக்க வைத்துச் சங்கிலி போடச் சொல்லுங்கள்.

8. தெருவின் நிலவரம் அத்துப்படியாகத் தெரிந்தவர்கள் தெருவில் குடியிருப்பவர்கள் அல்ல. இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், பூக்காரம்மா, தூய்மைப் பணியாளர், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் ஆகியோர்தான். யார் வீட்டுத் துணி இந்த வாரம் வரவில்லை என்று இஸ்திரிக்காரருக்குத் தெரியும். இரண்டு நாளாக ஒரே பைக் தெருவைச் சுற்றுவது பெட்டிக்கடைக்காரர் கண்ணில்தான் முதலில் படும். இவர்களிடம் உங்கள் எண்ணைக் கொடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகுங்கள், கூட்டத்துக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். திருட்டு நடந்ததும் முதல் சந்தேகத்தை இவர்கள் மேல் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வழக்கம் இருக்கும் தெருவில் எவரும் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள்.

9. செயின் பறிப்புக்கு ஏற்ற நேரம், ஆள் நடமாட்டம் இல்லாத அதிகாலையும் முன்னிரவும். மார்கழியில் இருட்டோடு எழுந்து குனிந்து கோலம் போடுகிற பெண்களுக்கு, பின்னால் வண்டி வந்து நிற்பதே தெரியாது. அந்த ஒரு மாதமாவது நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரும்படி பேசி வைத்துக்கொள்ளலாம். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் வண்டி வரும் திசையைப் பார்த்தபடி ஓரமாக நடக்கட்டும். சங்கிலியைப் பிடித்து இழுத்தால் போராட வேண்டாம். கீழே விழுந்து தலையில் அடிபடுவது, போன நகையைவிடப் பெரிய இழப்பு. வண்டியின் நிறம், எண்ணில் கடைசி நான்கு இலக்கம், போன திசை, இந்த மூன்றும் கிடைத்தால் பெரிது. 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304-ஆம் பிரிவு இருக்கிறது. "தவறவிட்டதாக எழுதிக் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

10. மாதம் ஒரு தந்திரத்தை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். எல்லாம் பழைய தந்திரங்களே, ஆனால் இன்னும் பலிக்கின்றன.

நகை பாலிஷ்: பாத்திரத்தை முதலில் பளபளப்பாக்கிக் காட்டுவார்கள். பிறகு தங்கச் சங்கிலியைத் திரவத்தில் முக்குவார்கள். தங்கத்தில் கொஞ்சம் அந்தத் திரவத்திலேயே கரைந்துவிடும். திரும்பி வரும் சங்கிலி மின்னும், எடை குறைந்திருக்கும்.

போலி போலீஸ்: "முன்னாடி தெருவில் கொலை நடந்திருக்கு, நகையைக் கழற்றிப் பேப்பரில் மடிச்சு வச்சுக்குங்க பாட்டி" என்று அக்கறையாக உதவுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் கல் இருக்கும்.

கீழே விழுந்த பணம்: வங்கியிலிருந்து வருகிறவர் வண்டி அருகே பத்து ரூபாய்த் தாள்களைச் சிதறவிட்டு "சார், உங்க பணமா பாருங்க" என்பார்கள். அவர் குனிவதற்குள் பை போய்விடும்.

11. சென்னையில் 2017 முதல் காவல் துறை முன்னெடுத்த 'மூன்றாவது கண்' திட்டத்துக்குப் பிறகு, கேமரா இல்லாத தெருவே குறைவு. வேலை செய்கிற கேமராக்கள் எத்தனை என்பது வேறு கதை. திருட்டு நடந்த மறுநாள் பதிவைத் தேடும்போதுதான் ஒன்றில் ஹார்டு டிஸ்க் நிரம்பிப் போயிருக்கும், இன்னொன்றில் நேரம் ஐந்து மணி நேரம் பின்தங்கி ஓடும். கேமராப் பொறுப்பை ஒருவருக்குத் தனியாகக் கொடுத்து மாதம் ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். சோதிக்க வேண்டியவை இவை.

இரவில் லென்ஸைச் சுற்றியுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி கட்டும் வலை ராத்திரிப் படம் முழுவதையும் வெள்ளைப் புகையாக மறைத்துவிடும். பகலில் பார்த்தால் கேமரா நன்றாகவே தெரியும், ஆகவே இரவுப் பதிவைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். நீளமான குச்சியில் துணி சுற்றித் துடைத்தால் தீர்ந்தது. இரண்டாம் மாடி உயரத்தில் மாட்டிய கேமராவில் தலைமுடியும் ஹெல்மெட்டும்தான் பதிவாகும். தெருவின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கேமராவாவது முகமும் நம்பர் பிளேட்டும் தெரியும் உயரத்தில் இருக்கட்டும். பதிவுப் பெட்டியான டிவிஆரை டிவி ஸ்டாண்டிலேயே வைத்தால், திருடன் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போவான். பரண் மேலோ பூட்டிய அலமாரியிலோ வையுங்கள். மின்சாரம் போனால் ஓட ஒரு சிறு யுபிஎஸ் வேண்டும். எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னலும் மாடியில் துணி காயப்போடும் இடமும் படத்தில் வரக் கூடாது. அதில் தொடங்கும் சண்டை தெரு ஒற்றுமையையே குலைத்துவிடும்.

12. எரியாத தெருவிளக்குக்குக் கம்பத்து எண்ணோடு புகார் கொடுங்கள். சென்னையில் 1913. காலி மனையில் முள்செடி மண்டியிருந்தால் உரிமையாளரைத் தேடிப் பிடித்து வெட்டச் சொல்லுங்கள்.

13. தெரு வாட்ஸ்அப் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அரட்டைக்கு, காலை வணக்கம், பிறந்தநாள், சாம்பார்ப் பொடி விற்பனை எல்லாம் அதில். இன்னொன்று அவசரத்துக்கு மட்டும். அதில் வரும் செய்தியில் என்ன, எங்கே, எப்போது, சொல்பவர் யார் என்ற நான்கும் இருக்க வேண்டும். "சந்தேகமா ஒருத்தர் சுத்துறார், எல்லோரும் உஷார்" என்ற செய்தியால் பயம்தான் பரவும். "47-ஆம் எண் வீட்டுக் கேட்டை ஒருவர் உலுக்கிப் பார்த்தார், 3.10 மணி, சிவப்புச் சட்டை, கோயில் பக்கம் நடந்து போனார், நானே பார்த்தேன்" என்றால் யாராவது ஏதாவது செய்ய முடியும். ஃபார்வர்டு செய்த எதற்கும் இந்தக் குழுவில் இடமில்லை.

14. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தெருவுக்கு அறிமுகமில்லாத ஆள் என்பதே ஒரு குற்றமாகிவிடக் கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரம் அது. ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்தே போனார். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பரவிய வீடியோக்கள் பொய் என்று காவல் துறை விளக்கம் கொடுத்து, பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. வதந்தி எந்தப் பக்கமும் பாயும் என்பதற்கு இரண்டும் சாட்சி.

ஆகவே உங்கள் குழுவுக்கு விதி ஒன்று: ஒருவரின் நிறம், மொழி, சாதி, உடை ஆகியவற்றை மட்டும் வைத்துச் சந்தேகப்படும் செய்தி எடுபடாது. அவர் என்ன செய்தார் என்பது மட்டுமே எடுபடும். புதியவரிடம் பேச வேண்டுமென்றால் "யாரைப் பார்க்கணும்ங்க, வழி சொல்லட்டுமா?" என்று கேட்டால் போதும். உண்மையில் வழி தேடுகிறவர் நன்றி சொல்வார். நோட்டம் பார்க்க வந்தவன், தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று நடையைக் கட்டுவான்.

15. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் அடிக்கக் கூடாது. கம்பத்தில் கட்டி வைத்து வீடியோ எடுப்பதும் குற்றம்தான். பிணையில் விட முடியாத, போலீஸ் வாரண்டின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தைக் கண்ணெதிரே செய்தவரைப் பொதுமக்கள் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். இது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு. கும்பல் அடித்து உயிர் போனால், திருட்டு வழக்கு கொலை வழக்காகி உங்கள் தெருப் பிள்ளைகள் உள்ளே போவார்கள்.

தன்னார்வலர்கள் போலீஸ் வேலையைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. 1993-இல் ராமநாதபுரத்தில், அங்கு காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' நல்ல நோக்கத்தோடு வளர்ந்த திட்டம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, இந்த அமைப்பின் பெயரும் குற்றச்சாட்டில் அடிபட்டது. ஜூலையில் அரசு அதற்குத் தடை விதித்தது. தெருக் குழு விசாரணை செய்யாது, சோதனை போடாது, லத்தி பிடிக்காது என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

16. திருடு போன வீட்டுக்குள் தெருவே திரண்டு போய் எட்டிப் பார்ப்பதுதான் நம் வழக்கம். போலீஸ் வரும் முன்பே கைரேகைகள் அழிந்துவிடும். நீங்கள் வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். வீட்டுக்காரர் உட்பட யாரும் உள்ளே போகக் கூடாது, பீரோவைத் தொடக் கூடாது. மோப்ப நாயை ஏமாற்றத் திருடர்கள் மிளகாய்ப் பொடி தூவியிருப்பார்கள். அதைப் பெருக்கித் தள்ளாதீர்கள். பக்கத்துக் கேமராப் பதிவுகள் தானாக அழியும் முன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

17. புகார் கொடுத்தால் ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம். தமிழ்நாட்டில் அதைச் சி.எஸ்.ஆர். என்பார்கள். திருட்டு போன்ற குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், அதன் நகல் இலவசம். எல்லை வேறு என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் 'ஜீரோ எஃப்ஐஆர்' பதியலாம். மின்னணு முறையில் அனுப்பியிருந்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போன நகையின் படமும் பில்லும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 2023 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடங்கள் கொண்ட எச்யூஐடி குறியீடு பொறித்திருக்கும், அதையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

18. தெருச்சண்டை, பக்கத்து வீட்டுப் பார்க்கிங் தகராறு போன்றவற்றைப் பேசித் தீர்க்கலாம். குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் என்றால் பேசித் தீர்க்க உங்களுக்கு உரிமையே இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், மறைப்பதும் தண்டனைக்குரியது. குழந்தையின் பெயரோ வீடோ குழுவில் வெளியாகக் கூடாது. இரவில் ஒரு வீட்டில் அடிதடிச் சத்தம் கேட்டால் "அது அவங்க குடும்ப விஷயம்" என்று டிவி சத்தத்தைக் கூட்டாதீர்கள். அழைப்பு மணியை அழுத்தி ஒரு தம்ளர் சர்க்கரை கேட்டாலே சில நேரம் கை ஓயும். அந்த வீட்டுப் பெண் விரும்பினால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேச உதவுங்கள்.

19. இப்போது திருடன் சுவரேறி வருவது குறைவு, கைப்பேசி வழியே வருகிறான். தனியாக இருக்கும் ஓய்வூதியக்காரரை "டிஜிட்டல் கைது" என்று மிரட்டி, மணிக்கணக்கில் வீடியோ அழைப்பிலேயே உட்கார வைத்துச் சேமிப்பைக் கறக்கிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் திடீரென்று கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாளாகப் பேசவில்லை, வங்கிக்கு மட்டும் அவசரமாகப் போய்வருகிறார் என்றால் தட்டிக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணையப் பண மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு மறைப்பவர்களே அதிகம் என்பதால், "இது யாருக்கும் நடக்கும்" என்று கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

20. தெருவில் வசூலிக்கும் காவல் பணத்துக்கு மாதக் கணக்கு எழுதி ஒட்டுங்கள். சைக்கிளில் வந்து விசில் ஊதும் கூர்காவானாலும் ஏஜென்சி அனுப்பும் வாட்ச்மேனானாலும், அவர் பெயர், படம், அடையாள அட்டை நகல் உங்களிடம் இருக்கட்டும். அவருக்கு உட்கார இடம், கழிப்பறை, டார்ச் லைட், பேச ஒரு எண் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். வாடகைக்கு வருபவரின் விவரத்தை நிலையத்தில் தெரிவிப்பது வீட்டு உரிமையாளரின் வேலை. நினைவூட்டுவது மட்டும் உங்கள் வேலை. கூட்டம் மாதம் ஒன்று, முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தேநீர் கட்டாயம்.

கடைசியாக ஒன்று. கீழே உள்ள எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வீட்டு மீட்டர் பெட்டியருகிலும் இந்த வாரமே ஒட்டிவிடுங்கள்: அவசர உதவி 112, காவல் 100, பெண்கள் உதவி 181, குழந்தைகள் உதவி 1098, முதியோர் உதவி 14567, இணையப் பண மோசடி 1930, போதைப்பொருள் விற்பனை பற்றித் தகவல் சொல்ல 10581. அடியில் ரோந்துக் காவலரின் எண்ணையும் உங்கள் எண்ணையும் கையால் எழுதுங்கள்.